மறு: பிளாஷ்பாக் – ‘நினைவுமீட்டல்’ பொருந்துமா?

எல்லோருக்கும் வணக்கம். படத்தின் நடுவே பழைய காலத்துக்குப் போகும் பிளாஷ்பாக்குக்கு எங்கள் கலைச்சொல் தொகுதியில் என்ன தமிழ்ச் சொல் போடுவது என்று வந்த மூன்று மடல்களுக்கும் சேர்த்தே பதில்.

> பிள்ளைகளுக்கு ‘பின்னோக்கு உத்தி’ பழகிவிட்டது. புதிதாக ஒன்று எதற்கு?

ரீச்சர், உயர்தரத்தில் ‘தொடர்பாடலும் ஊடகக் கற்கையும்’ படிப்பிக்கிறவர் நீங்கள், மறுக்கத் தயக்கம்தான். ஆனால் அது சிறுகதை விமர்சனத்தில் வளர்ந்த சொல். எழுதியவர் கதையை எப்படி அடுக்கினார் என்பதைச் சொல்லும். எடிற்றருக்கு வேண்டியதோ கையில் இருக்கும் துண்டுக்கு ஒரு பெயர். “இந்தப் பின்னோக்கு உத்தியில் இரண்டு செக்கன் வெட்டு” என்று வெள்ளவத்தையில் எந்த ஸ்ரூடியோவில் போய்ச் சொன்னாலும் சிரிப்பார்கள்.

> அப்ப ‘பின்காட்சி’ என்று சுருக்கலாமே, அண்ணை?

தம்பி, அங்கேதான் வழுக்குது. இடத்தில் ‘பின்’ என்றால் முதுகுப்பக்கம். காலத்தில் ‘பின்’ என்றால் இனி வரப்போவது: சாப்பிட்ட பின், பின்னேரம், பிற்காலம். திரைக்கதையில் ‘பின்காட்சி’ என்று கண்டால் வாசிப்பவர் அடுத்த பக்கத்தைப் புரட்டுவார். ‘இறந்தகாலக் காட்சி’ இலக்கணப்படி சரி, நீளம்தான் குறை. அதை ‘இறப்புக் காட்சி’ என்று குறுக்கினால் நேரே செத்தவீட்டில் கொண்டுபோய் விடும்.

> என் தெரிவு ‘நினைவுமீட்டல்’. கேட்கவே இதமான சொல்.

இதம்தான், அதுதான் எனக்குப் பயம். திரையில் பழைய காட்சி வந்தவுடன் யாரோ நினைத்துப் பார்க்கிறார் என்று இந்தச் சொல் முன்கூட்டியே முடிவுகட்டிவிடுகிறது. ‘அந்த நாள்’ (1954) படத்தில் ராஜனைச் சுட்டது யார் என்று துப்பறிய வருபவரிடம் ஒவ்வொருவரும் தம் பக்கக் கதையைச் சொல்கிறார்கள். அது நினைவு அல்ல, வாக்குமூலம். ‘விருமாண்டி’யிலும் (2004) ஒரே சம்பவங்களைக் கொத்தாளன் ஒரு விதமாகவும் விருமாண்டி வேறு விதமாகவும் சிறைக்குள் கமராவுக்கு முன் சொல்கிறார்கள். கொத்தாளன் சொல்வதைப் படம் பிடித்திருக்கும் விதத்தில் ‘இது பொய்’ என்பதற்கு எந்த அடையாளமும் இல்லை. அதே தெளிவு, அதே நிறம். பார்வையாளர் ஏமாறுவதே அதனால்தான்.

ஹிட்ச்கொக்கின் ‘ஸ்டேஜ் பிரைட்’ (1950) இன்னும் மோசம். தொடக்கத்தில் ஒருவன் காரில் இருந்து சொல்லும் கதை பொய் என்று கடைசியில்தான் தெரியவரும். பார்த்தவர்கள் கோபப்பட்டார்கள். பொய்யை பிளாஷ்பாக்காகக் காட்டியிருக்கக்கூடாது என்று ஹிட்ச்கொக்கே பிற்பாடு பிரெஞ்சு இயக்குநர் திரூபோவிடம் சொன்னார். திரையில் கண்ணால் கண்டதைப் பொய் என்று சந்தேகிக்க நமக்குப் பழக்கமில்லை. இதை ‘நினைவுமீட்டல்’ என்று எந்த மாணவனுக்கு விளக்குவது? நடக்காததை எப்படி மீட்பது?

ஆகவே என் முன்மொழிவு: முன்கதைக் காட்சி.

‘முன்’னும் இரட்டைப் பொருள் உள்ளதுதானே என்று உடனே மடல் வரும். வரட்டும். ‘முன்கதைச் சுருக்கம்’ என்று வாரப் பத்திரிகைத் தொடர்கதையின் தலையில் அச்சிட்டு அச்சிட்டு, ‘முன்கதை’ என்றால் ஏற்கெனவே நடந்தது என்பதை நாலு தலைமுறைக்குப் பழக்கிவிட்டார்கள். அந்த உழைப்பை நாம் வீணாக்குவானேன். வரையறை இப்படி இருக்கலாம்: படத்தில் ஓடிக்கொண்டிருக்கும் காலத்துக்கு முன் நடந்ததை, அல்லது நடந்ததாக ஒருவர் சொல்வதைத் திரையில் காட்டுவது. அந்த ‘அல்லது’வை யாரும் வெட்டவேண்டாம். வரையறைக்குள் கறுப்பு வெள்ளையையும் கொண்டுவராதீர்கள். ‘ஹே ராம்’ (2000) நிகழ்காலத்தைக் கறுப்பு வெள்ளையிலும் பழைய கதையை நிறத்திலும் காட்டியது.

‘நினைவு’ என்ற சொல்லை நான் தூக்கி எறியவில்லை, வேறோர் இடத்துக்கு வைத்திருக்கிறேன். அலன் ரெனேயின் ‘ஹிரோஷிமா மொன் அமூர்’ (1959) படத்தில், தூங்கும் காதலனின் கை மெல்லத் துடிப்பதை நாயகி பார்க்கிறாள். சட்டென்று அவள் நினைவில் இன்னொரு கை, சாகும் ஜேர்மன் சிப்பாயுடையது. அவ்வளவுதான், திரும்ப அறைக்குள் வந்துவிடுகிறோம். ஒரு காட்சி மங்க மங்க அடுத்தது தெளியும் கரைவும் இல்லை, ‘அன்றொரு நாள்...’ என்ற குரலும் இல்லை. சிட்னி லூமெற்றின் ‘த போன்புரோக்கர்’ (1964) இதை இன்னும் தள்ளிக்கொண்டு போனது. வதைமுகாமில் இருந்து தப்பிய ஒருவருக்கு அந்த நாட்கள் முதலில் கண்சிமிட்டும் நேரம்கூட இல்லாத துணுக்குகளாகக் குறுக்கிடும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நீளும். அவர் நினைக்க விரும்பவில்லை, அதுவாக வந்து விழுகிறது. இந்தத் துணுக்குக்கு ‘நினைவுக்கீற்று’ என்று சொல்லலாம். பிளாஷ் என்பதில் உள்ள மின்னலும் அதில் கிடைத்துவிடும்.

முன்கதைக்குள் போகும் வழிகளுக்கு அதிகம் அலட்டத் தேவையில்லை. டிசொல்வுக்குக் கரைவு, பழைய காலத்தின் சத்தம் படத்துக்கு முன்னரே கேட்கத் தொடங்கினால் ஒலிப்பாலம். பிளாஷ்பாக் தொடங்கும்போது திரையில் சுழலும் வட்டங்களை என்ன செய்வது என்று தம்பி கேட்டிருந்தார். தமிழ்நாட்டு வலைப்பதிவர்கள் அதற்குக் ‘கொசுவத்தி சுத்துறது’ என்று எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள். நாங்கள் நுளம்புத்திரி என்று மாற்றிக்கொள்ளலாம், ஆனால் தொகுதியில் சேர்க்க ரீச்சர் விடமாட்டார்.

எதிர்காலத்துக்குத் தாவுவதற்கு ‘பின்கதைக் காட்சி’ என்று போட்டிருக்கிறேன். அதில் எனக்கே முழுத் திருப்தி இல்லை. தொல்காப்பியம் எதிர்காலத்தை ‘எதிர்வு’ என்கிறது, அதிலிருந்து ‘எதிர்வுக் காட்சி’ என்று எடுக்கலாமா? ரீச்சர், பிள்ளைகளிடம் இரண்டையும் சொல்லிக் கேட்டுப் பார்க்கிறீர்களா?