பாட்டி வளர்த்த பிள்ளைக்கு ஒட்டுதல் வராதா?

மாம்பலத்துக்காரி:
நேற்று கடற்கரைக்காற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. “மூன்று வயது வரை அம்மாவிடம் வளராத பிள்ளை பெரியவனானதும் யாரிடமும் ஒட்டாது. பாட்டியிடம் விட்டு வளர்த்தவர்களில் பாதிப் பேர் இன்று குடும்ப நல நீதிமன்ற வாசலில் நிற்கிறார்கள்” என்கிறார். பாரிமுனையில் போய் நின்று தலையை எண்ணினாரா?

நான் பாட்டி வளர்த்த பிள்ளை. பத்து மாதத்தில் மாயவரத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அப்பாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட், அம்மாவுக்கு வங்கி வேலை, குடியிருந்தது ஒற்றை அறை. நாலரை வயதில்தான் சென்னைக்கு வந்தேன். கல்யாணமாகி 22 வருடம் ஆகிறது. ஒட்டாதவளா நான்?

கடற்கரைக்காற்று:
மேடம், நான் வாய்க்கு வந்ததை எழுதவில்லை. ஜான் பௌல்பி என்ற ஆங்கிலேய மனநல மருத்துவர் 1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்குக் கொடுத்த அறிக்கையில் இருக்கிறது. அன்பான, இடைவிடாத தாயுறவு கிடைக்காத பிள்ளையின் மனநலம் கெடும் என்கிறார். உங்கள் குடும்பக் கதை அதற்குப் பதிலாகாது.

மாம்பலத்துக்காரி:
முழுசாகச் சொல்லுங்கள் சார். தாய், அல்லது தாயின் இடத்தில் நிலையாக இருக்கும் ஒருவர் என்றுதான் அதே அறிக்கையில் இருக்கிறது. அந்த ‘அல்லது’வை எங்கே விழுங்கினீர்கள்? என் பாட்டி அந்த ‘அல்லது’வில் வருகிறாள்.

இராயபுரம் அண்ணன்:
சரியான கேள்வி. எங்கள் தெருவில் பெற்றவள் விடியற்காலை காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போனால் எதிர்வீட்டு அத்தைதான் பிள்ளையைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டும். வெள்ளைக்காரன் பாடம் நமக்கு எதற்கு? கடற்கரைக்காற்றுக்கு இது பழக்கம்தான். போன மாதம் தண்ணீர் லாரி விவாதத்திலும் பாதியை மட்டும் எடுத்துப் போட்டார். நான் மறக்கவில்லை.

கடற்கரைக்காற்று:
தண்ணீர் லாரியை இங்கே ஏன் ஓட்டி வருகிறீர்கள்? அன்றும் நான் சொன்னதுதான் சரி.

ஓஎம்ஆர் அப்பா:
அண்ணே, வெள்ளைக்காரன் பாடம் என்று தள்ளிவிடாதீர்கள். பௌல்பியோடு வேலை செய்த மேரி ஐன்ஸ்வொர்த் பிள்ளைக்கும் தாய்க்கும் உள்ள ஒட்டுதலை முதலில் வீடு வீடாகப் போய்ப் பார்த்தது உகாண்டாவில், 1954-55இல், 26 குடும்பங்களில். அமெரிக்காவின் பால்டிமோர் அப்புறம்தான். அங்கேதான் ஒட்டுதலைப் பார்க்க ஒரு சோதனையை அமைத்தார். ஒரு வயதுப் பிள்ளை, பழக்கமில்லாத அறை, அம்மா இரண்டு முறை வெளியே போய் வருவாள். மொத்தம் சுமார் 20 நிமிடம். அம்மா போகும்போது அழுகிறதா என்பதைவிட, திரும்பி வந்ததும் பிள்ளை என்ன செய்கிறது என்பதுதான் முக்கியம்.

என் மகளுக்கு 14 மாதம். பெருங்குடியில் கிரெச்சில் விடுகிறோம். மாலை நான் போனதும் என் சட்டைப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் தேம்புவாள். அப்புறம் இறங்கி, அன்று விளையாடிய மரக்கரண்டியை எடுத்து வந்து காட்டுவாள். அந்தத் தேம்பலைப் பார்த்து ஒரு மாதம் நானும் பயந்தேன். படித்த பிறகுதான் தெளிந்தது. வந்து தேறுகிறாளே, அதுதான் நல்ல அடையாளம்.

கடற்கரைக்காற்று:
பிள்ளையைக் கிரெச்சில் விட்டுவிட்டு அறிவியல் பேசுகிறீர்கள். சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று ஒருவர் வீட்டில் இருந்தால் என்ன?

ஓஎம்ஆர் அப்பா:
வாடகையை நீங்கள் கட்டுகிறீர்களா சார்?

மாம்பலத்துக்காரி:
கிரெச் பேச்சு அப்புறம். ‘அல்லது’வுக்கு இன்னும் பதில் வரவில்லை.

கடற்கரைக்காற்று:
வருகிறேன். ‘நிலையாக’ என்று நீங்களே எழுதினீர்கள். நாலரை வயதில் உங்களைப் பாட்டியிடமிருந்து பிரித்துவிட்டார்கள். அது எப்படி நிலையாகும்? பௌல்பியையும் ஆயாதான் வளர்த்தார். அவருக்கு நாலு வயதாகும்போது அந்த ஆயா வேலையை விட்டுப் போனார். தாயை இழந்தது போல் இருந்தது என்று பிற்காலத்தில் அவரே சொன்னார். ஆகவே உங்கள் கதை என் பக்கம்தான் பேசுகிறது.

மாம்பலத்துக்காரி:
உங்கள் பக்கமா? நீங்கள் எழுதியது ‘அம்மாவிடம் வளராத பிள்ளை’. இப்போது ‘பாட்டியிடமிருந்து பிரித்த பிள்ளை’ என்கிறீர்கள். பிரித்தால் வலிக்கும் அளவுக்குப் பாட்டியிடம் ஒட்டுதல் இருந்தது என்று ஆகிறதே. அதைத்தானே நான் முதலிலிருந்து சொல்கிறேன்!

கேட்டதால் சொல்கிறேன். என்னைக் கொண்டுவந்து விட்டபோது பாட்டி மூன்று வாரம் எங்களோடு இருந்தாள். ஒருநாள் நான் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் எழும்பூரில் ரயில் ஏறிவிட்டாள். சொன்னால் அழுவேன் என்று சொல்லவில்லை. வந்ததும் ஜன்னல் மேடையைப் பார்த்தேன். அவளுடைய வெற்றிலைச் செல்லம் இல்லை. அது இருந்த இடத்தில் சுண்ணாம்பு ஒரு சொட்டுக் காய்ந்திருந்தது. அதை யாரும் துடைக்கக் கூடாது என்று நான் ரகளை செய்தேனாம். அம்மா இன்றும் சொல்வாள்.

இன்றுவரை என் வீட்டுக்காரர் வெளியூர் போனால் பெட்டியை நான்தான் அடுக்குவேன். எந்த ரயில், எத்தனை மணி, எப்போது திரும்புவார் என்று மூன்று முறை கேட்பேன். அவர் சலிக்காமல் மூன்று முறை சொல்வார். இதற்குப் பெயர் ஒட்டாமையா?

கடற்கரைக்காற்று:
அதற்குப் பெயர் பதற்றம். சிண்டி ஹஸான், ஃபிலிப் ஷேவர் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1987இல் இந்த ஒட்டுதல் கருத்தைக் காதல், கல்யாணத்துக்குக் கொண்டுவந்தார்கள். அமெரிக்காவில் டென்வர் நகரப் பத்திரிகை ஒன்றில் கேள்விகள் வெளியிட்டு, வந்ததில் 620 பதில்களைப் பிரித்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு 56 பேர் நிம்மதியாக நெருங்குபவர்கள், 25 பேர் விலகுபவர்கள், 19 பேர் பதறுபவர்கள். நீங்கள் அந்த 19இல்.

மாம்பலத்துக்காரி:
620 பேர் தங்கள் கதையைத் தாங்களே எழுதி அனுப்பினால் அது ஆராய்ச்சி. நான் எழுதினால் குடும்பக் கதையா? முன்பின் பார்க்காத பெண்ணுக்கு எண் போட்டுக் கூண்டில் அடைக்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? ஒரு வயதில் இருந்த விதமே பெரியவர்களாகியும் அப்படியே நிற்கும் என்று இந்தத் துறைக்காரர்களே சொல்வதில்லை. நல்ல துணை கிடைத்தால் மாறும் என்கிறார்கள்.

ஓஎம்ஆர் அப்பா:
கிளாஸ்கோவில் 60 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து 1964இல் வந்த ஆய்வும் இருக்கிறது. ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் ஒருவருக்கு மேற்பட்டவர்களோடு ஒட்டியிருந்தார்கள். அப்பா, பாட்டி, தாத்தா, பக்கத்து வீட்டார் எல்லாரும் அதில் உண்டு.

இராயபுரம் அண்ணன்:
எதிர்வீட்டு அத்தையும் உண்டு என்று சொல்லுங்கள். இன்னொன்று, இதற்கு ‘ஒட்டுதல்’ என்ற சொல்லே தப்பு. ‘பிணைப்பு’ என்று எழுதுங்கள். ஒட்டுவது பசை.

கடற்கரைக்காற்று:
‘பாசம்’ என்றாலே கயிறுதான். சொல் தெரியாமல் திருத்த வராதீர்கள்.

இராயபுரம் அண்ணன்:
எனக்கா தமிழ் சொல்லிக் கொடுக்கிறீர்கள்? தண்ணீர் லாரி விவாதத்தில் ‘குடிநீர்’ வாரியத்தையே தப்பாக எழுதியவர் நீங்கள். எடுத்துப் போடட்டுமா?

மாம்பலத்துக்காரி:
அண்ணே, அதை அங்கேயே போடுங்கள். சார், சுற்றி வளைக்க வேண்டாம். நீங்கள் எழுதிய வரி மேலே அப்படியே நிற்கிறது. அதில் ‘அல்லது’ இல்லை. அந்த வரியை எடுக்கும் வரை தினமும் வந்து கேட்பேன்.

கடற்கரைக்காற்று:
எடுக்க மாட்டேன். ‘நிலையாக’ என்பதற்கு முதலில் நீங்கள் பதில் சொல்லுங்கள்.