புதுப்பிப்பு: பால் வெட்டும் தம்பியின் கடன் விஷயம்

குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டும் என் தம்பி, பழைய பைக் வாங்க 40,000 ரூபாய் கேட்டு ஒரு வங்கிக்குப் போனதைப் போன மாதம் எழுதியிருந்தேன். சம்பளச் சீட்டு இல்லை, சிபில் மதிப்பெண்ணும் (பழைய கடன்களை எப்படி அடைத்தான் என்பதை வைத்துப் போடுவது) குறைவு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அதைப் படித்துவிட்டு நீங்கள் சொன்னபடி முதலில் கடன் அறிக்கையை, அதாவது அவன் வாங்கிய, அடைத்த கடன்களின் பதிவை, எடுத்தோம். இந்தப் பதிவுகளை வைத்திருக்க இங்கே நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் உண்டு. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் காரணம் புரிந்தது. இரண்டு வருடத்துக்கு முன் ஜூன் மழையில் மூன்று வாரம் வெட்டு நின்றபோது ஒரு செயலியில் 5,000 ரூபாய் எடுத்திருக்கிறான். அடைத்தும்விட்டான். அறிக்கையில் மட்டும் இன்னும் பாக்கி! மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை. அந்த நாட்களிலும் வாங்கியதை அடைத்த பையனை நாணயமில்லாதவன் என்று எழுதி வைத்திருப்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

ரசீதுடன் புகார் கொடுத்தோம். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்ற ரிசர்வ் வங்கி விதி 2024 ஏப்ரலிலிருந்து நடப்பில் இருக்கிறது. 26ஆம் நாள் திருத்திவிட்டார்கள்.

அப்புறம், மத்திய அரசின் முத்ரா கடன் திட்டம். அதன் சிசு என்ற பிரிவில் 50,000 ரூபாய் வரை ஈடு வேண்டாம்தான், ஆனால் அது சொந்தத் தொழிலுக்கு. கூலி வேலைக்குப் போய்வர பைக் வாங்குவது அதில் வராது.

அம்மா வளையலை அடகு வைக்கலாம் என்கிறார். தம்பி சம்மதிக்கவில்லை. திங்கட்கிழமை புது அறிக்கையோடு அதே வங்கிக்குப் போகிறோம்.