புதுப்பிப்பு: தொலைந்துபோக ஒரு நாவல் கேட்டிருந்தேனே

போன மாதம், உள்ளே போனால் வெளியே வர மனசு வராத நாவலாகச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தேன். பாதிப்பேர் 'பொன்னியின் செல்வன்' என்றீர்கள். அது பள்ளியிலேயே இரண்டு தடவை முடிந்துவிட்டது, மன்னிக்கவும்.

ஒருவர் மட்டும் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' என்றார். 1972இல் வந்த புத்தகம். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படை சுமத்ரா தீவின் மெடான் நகருக்குள் நுழைவதில் ஆரம்பிக்கிறது. முதல் முப்பது பக்கம் தடுமாறினேன், பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் நாயகன் பாண்டியன் தொங்கான் என்கிற சரக்குப் பாய்மரக் கப்பலில் ஏறி, கடலில் புயல் பிடித்துக்கொண்டது. வாக்கியங்களே அலை மாதிரி தூக்கிப்போடுகின்றன. அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

இப்போது இரண்டாம் வாசிப்பு, மதுரைத் தெருக்கள் வரும் பக்கங்களுக்காக.