ஃபெண்டரில் இருக்கும் எழுத்தும் எண்ணும்: உட்வர்ட் சாலையில் சந்தித்த மசில் கார்க்காரர்கள்

மசில் கார், அதாவது பெரிய வி8 இன்ஜின் பொருத்திய அமெரிக்க வேகக் கார் வைத்திருப்பவரிடம் பேச்சுக் கொடுக்க ஒரு நல்ல வழி, காரின் மேல் ஒட்டியிருக்கும் பெயர்ச் சின்னமான பேட்ஜைப் பற்றிக் கேட்பது. எத்தனை குதிரைத்திறன் என்று கேட்டால் ஒரே வரியில் பதில் முடிந்துவிடும். "இந்த எழுத்து ஏன் இங்கே இருக்கிறது?" என்று கேட்டால் மடக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வார்கள்.

டெட்ராய்ட் பக்கம் கார்த் தொழிலில் இருக்கும் தமிழர்கள் நிறைய பேர். நானும் அதில் ஒருவன். ஆகஸ்ட் மாதம் மூன்றாவது சனிக்கிழமை உட்வர்ட் அவென்யூவில் ட்ரீம் குரூஸ் நடக்கும். 1995-ல் ஃபெர்ண்டேல் ஊரில் ஒரு கால்பந்து மைதானத்துக்குப் பணம் சேர்க்கத் தொடங்கிய ஊர்வலம் அது. இப்போது பான்டியாக் நகரம் வரை சாலையின் இரு பக்கமும் பழைய கார்கள்தான். அங்கேயும், அந்த வாரத்தில் பக்கத்துக் கடைகளின் பார்க்கிங்கில் நடக்கும் சின்னக் கூட்டங்களிலும் நான் சந்தித்த சிலரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

முதலில் 1964 பான்டியாக் ஜிடிஓ வைத்திருந்த பெரியவர். ஜெனரல் மோட்டார்ஸில் உழைத்து ஓய்வு பெற்றவர். கறுப்புக் கார், சிவப்பு உட்புறம். முன்சக்கரத்துக்குப் பின்னால் ஃபெண்டரில், அதாவது சக்கரத்தை மூடும் பக்கத் தகட்டில், ஒரு சின்னக் கேடயம், அதில் 'ஜிடிஓ', '6.5 லிட்டர்' என்ற எழுத்துகள். அந்தக் காலத்து அமெரிக்கக் கார்கள் இன்ஜின் அளவைக் கன அங்குலத்தில்தான் சொல்லும். லிட்டர் என்பது ஐரோப்பியக் கணக்கு. ஜிடிஓ என்ற பெயரே ஃபெராரி 250 ஜிடிஓவிடமிருந்து எடுத்தது. பந்தயத்துக்குத் தகுதி பெறுவதற்காகத் தயாரித்த கார் என்பதைக் குறிக்கும் இத்தாலிய எழுத்துகள் அவை. பான்டியாக் அப்படி எந்தப் பந்தயத்துக்கும் பதிவாகவில்லை. ஃபெராரி ரசிகர்களுக்கு வந்த கோபம் இன்னும் முழுசாகத் தணியவில்லை.

பெரியவர் என்னிடம், "நீ இன்ஜினியர்தானே, கணக்குப் போடு" என்றார். 389 கன அங்குலம். ஒரு கன அங்குலம் 16.387 சிசி. பெருக்கினால் 6,370-க்குக் கொஞ்சம் மேலே வரும். சரியாகச் சொன்னால் 6.4 லிட்டர். பேட்ஜில் 6.5! அவர் அதைப் பெருமையாகவே சொன்னார். அவர் கண்ணில் அந்தக் காரின் மொத்தக் கதையும் அப்படிப்பட்டதுதான். நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் வைக்கக்கூடாது என்று அப்போது ஜெனரல் மோட்டார்ஸில் ஒரு விதி இருந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் பான்டியாக் பிரிவில் தலைமை இன்ஜினியராக இருந்த ஜான் டெலோரியனும் அவரோடு இருந்தவர்களும் புதிய மாடல் என்று சொல்லாமல், டெம்பெஸ்ட் லெமான்ஸ் காருக்கு ஒரு கூடுதல் வசதித் தொகுப்பு என்று ஜிடிஓவைக் கொண்டுவந்தார்கள். விதி மாடலுக்குத்தான், ஆப்ஷனுக்கு இல்லையே. ஐயாயிரம் விற்றால் போதும் என்ற கணக்கில் அனுமதி கிடைத்தது. முதல் வருடமே 32,450 கார்கள் போயின.

அதனால்தான் 1964, 65 ஜிடிஓவின் வின் எண்ணை, அதாவது ஒவ்வொரு காருக்கும் உள்ள அடையாள எண்ணைப் பார்த்தால் அது லெமான்ஸ் என்றுதான் இருக்கும். 1966-ல் தனி மாடல் ஆன பிறகே 242 என்று தொடங்கும். முதல் இரண்டு வருடக் காரை நிரூபிக்க வேண்டுமென்றால் பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் தரும் தொழிற்சாலைப் பதிவின் நகல் வேண்டும். பெரியவர் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு முன்சீட்டில் வைத்திருந்தார். காரைத் தொடக்கூட விட்டார், அந்தத் தாளை மட்டும் தொட விடவில்லை.

பேட்ஜ் எண்ணுக்கும் நிஜ அளவுக்கும் பொருந்தாத கதை ஜிடிஓவோடு நிற்கவில்லை. பக்கத்திலேயே எண்பதுகளின் மஸ்டாங் ஒன்று நின்றது, பக்கவாட்டில் '5.0'. ஃபோர்டின் 302 கன அங்குல இன்ஜின் உண்மையில் 4.9 லிட்டர்தான். 2011 மஸ்டாங்கில் வந்த கொயோட்டே இன்ஜினும் 2017 வரை 4,951 சிசி. ஆனாலும் 5.0 தான். அதைவிட அழகானது செவ்ரோலேயின் செவெல் எஸ்எஸ் (சூப்பர் ஸ்போர்ட்) 396. 1970-ல் அந்த இன்ஜின் 402 கன அங்குலமாக வளர்ந்துவிட்டது. செவ்ரோலே பேட்ஜை மாற்றவில்லை. 396 என்ற எண்ணுக்கு அதற்குள் ஒரு பெயர் சேர்ந்திருந்தது. ஓல்ட்ஸ்மொபைல் 442-வும் அப்படித்தான். 1964-ல் நாலு பேரல் கார்புரேட்டர், நாலு கியர், இரண்டு எக்ஸாஸ்ட் என்று விளக்கம் சொன்னார்கள். மறு வருடம் 400 கன அங்குல இன்ஜின் வந்ததும் முதல் நாலுக்கு 400 என்று புது விளக்கம். பேட்ஜ் அப்படியே இருந்தது.

இதெல்லாம் கேட்கக் கேட்க எனக்கு ஒன்று பிடிபட்டது. இந்தப் பெயர்களில் பாதி, ஆர்டர் படிவத்தில் டிக் போடும் குறியீடாகப் பிறந்தவை. கமாரோ இசட்/28-இல் உள்ள இசட்28, செவ்ரோலேயின் ஆப்ஷன் பட்டியலில் இருந்த எண்தான். 1967-ல் வந்த முதல் 602 கார்களில் அந்தப் பேட்ஜே கிடையாது, கோடுகள் மட்டும்தான். குறியீட்டைப் பெயராக்கியது வாங்கினவர்கள், ஓட்டினவர்கள், தோற்றவர்கள். ஒரு பேட்ஜ் நியாயமானதா என்ற சண்டை கடைசியில் காகிதத்தில் போய் முடிவதற்கும் இதுதான் காரணம்.

அந்தக் காகிதம் இல்லாமல் ஒருவர் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். என்னோடு வேலை பார்த்த நண்பர், ஆந்திரக்காரர், 1970 செவெல் எஸ்எஸ் என்று ஒரு காரை வாங்கினார். கிரில்லில் எஸ்எஸ், பின் பம்பரில் எஸ்எஸ், பானெட்டில் கோடு, எல்லாம் பளபள. விற்றவர் ஒரு தனி வியாபாரி. 1966 முதல் 68 வரை எஸ்எஸ் 396-க்குத் தனி வின் தொடக்கம் இருந்தது, 138 என்று. 1969-லிருந்து எஸ்எஸ் வெறும் ஆப்ஷன். 1970-ல் இசட்25 என்றால் 396, இசட்15 என்றால் 454. அதனால் அந்த வருட வின் எண்ணைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. செவ்ரோலேயின் அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்கு, பான்டியாக்குக்கு உள்ளதைப் போல ஒவ்வொரு காருக்கும் பதிவு கேட்டு வாங்கும் வசதியும் இல்லை. ஃபோர்டுக்காரர்களுக்கு 1967 முதலான கார்களுக்கு மார்ட்டி ரிப்போர்ட் என்ற தொழிற்சாலைப் பதிவு இருக்கிறது. செவ்ரோலேக்காரர்கள் பில்ட் ஷீட்டைத்தான் நம்ப வேண்டும். அசெம்பிளி லைனில் காரோடு கூடவே வந்த அந்தத் தாளை வேலையாட்கள் சில சமயம் பெட்ரோல் டேங்குக்கு மேலே, சில சமயம் பின்சீட்டு ஸ்பிரிங்குக்குள் செருகிவிட்டுப் போவார்கள்.

நண்பருடைய கராஜில் காரை ஸ்டாண்டில் ஏற்றி டேங்கை இறக்கினோம். தாள் இருந்தது. எண்ணெயும் துருவும் ஏறி, ஓரமெல்லாம் எலி கடித்திருந்தது. டார்ச் அடித்து ஒவ்வொரு கட்டமாகப் படித்தோம். இசட்25-உம் இல்லை, இசட்15-உம் இல்லை. 307 இன்ஜினோடு பிறந்த மாலிபு, செவெலின் சாதாரண வகை. நண்பர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. இழப்பு பணத்தளவில் பெரியது. அடுத்த கோடையில் அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. பேட்ஜ்களைக் கழற்றவில்லை. காருக்கு முன்னால் ஒரு அட்டை வைத்தார்: "மாலிபுவாகப் பிறந்தது. எஸ்எஸ் போல அமைக்கப்பட்டது." அந்த அட்டையைப் படித்த பிறகு அவரோடு பேச வந்தவர்கள் அதிகம். எஸ்எஸ் பேட்ஜை யாரும் ஒட்டலாம், பிறப்பை மறைத்து விற்பதுதான் திருட்டு என்பது என் கட்சி.

இனி, பேட்ஜைக் கழற்றி வேறு ஒன்றை மாட்டியவர். 2005 ஜிடிஓ. முன்கிரில்லில் பான்டியாக்கின் அம்புமுனை இருக்க வேண்டிய இடத்தில், ஜெனரல் மோட்டார்ஸின் ஆஸ்திரேலியப் பிராண்டான ஹோல்டனின் சிங்கம். அந்தத் தலைமுறை ஜிடிஓ ஆஸ்திரேலியாவில் செய்த ஹோல்டன் மொனாரோதான். 2004-ல் 350 குதிரைத்திறன், அடுத்த வருடம் 6.0 லிட்டர் எல்எஸ்2 இன்ஜினோடு 400. இதே கார் பிரிட்டனில் வாக்ஸ்ஹால் மொனாரோவாகவும், வளைகுடா நாடுகளில் செவ்ரோலே லூமினா என்ற பெயரிலும் விற்றது. அமெரிக்காவில் அதற்குக் கிடைத்த வரவேற்பு வருத்தமானது. பார்க்க ஜிடிஓ மாதிரி இல்லை, உருண்டையாக இருக்கிறது என்று பழைய ஆட்கள் ஒதுக்கினார்கள். 2006-ஓடு நிறுத்திவிட்டார்கள்.

சிங்கம் மாட்டியவருக்கு நாற்பது வயதிருக்கும். டிக்கியைத் திறந்து காட்டினார். அமெரிக்க மோதல் விதிகளுக்காகப் பெட்ரோல் டேங்கை முன்பக்கமாக, டிக்கிக்குள் நகர்த்தியதில் இடம் பாதியாகக் குறைந்துவிட்டது. "ஜிடிஓ பேர் வேண்டாம் என்று சொன்னவர்களிடம் சண்டை போட்டு அலுத்துவிட்டது. இது பிறந்த ஊர்ப் பெயரிலேயே இருக்கட்டும்" என்றார். 2009-ல் பான்டியாக் மூடப்போகிறது என்ற அறிவிப்பு வந்தது. 2017 அக்டோபரில் ஆஸ்திரேலியாவில் ஹோல்டன் தயாரிப்பும் நின்றது. இரண்டு பேட்ஜுக்கும் இப்போது வீடு இல்லை. அவர் சொன்னதை நான் ஏற்கவில்லை, அவரிடமும் சொன்னேன். இரண்டு கதவு, முன்னால் பெரிய வி8, பின்சக்கரத்தில் சக்தி, தலைமையகம் தயங்கியதை ஒரு சிலர் பிடிவாதமாகக் கொண்டுவந்த கதை. 1964 காரிடம் இருந்த எல்லாமே இதிலும் இருந்தது. 1974-ல் வென்ச்சுரா என்ற சின்னக் காரில் ஜிடிஓ என்று ஒட்டினார்களே, அதைவிட ஆயிரம் மடங்கு இது அந்தப் பெயருக்குத் தகுதியானது. அவர் சிரித்துவிட்டு, அம்புமுனையை டாஷ்போர்டு பெட்டியில் பத்திரமாக வைத்திருப்பதைக் காட்டினார்.

பெயரே இல்லாத மஸ்டாங்கையும் பார்த்தேன். ஓட்டி வந்த அம்மாவின் தந்தை ராணுவத்தில் ஜெர்மனியில் இருந்தவர், அங்கே வாங்கி ஊருக்குக் கொண்டுவந்தது. கிரில்லில் குதிரை ஓடுகிறது. பக்கவாட்டில் மஸ்டாங் என்ற எழுத்து இல்லை, 'டி-5' என்று இருக்கிறது. ஜெர்மனியில் மஸ்டாங் என்ற பெயரின் உரிமை லாரி செய்துவந்த க்ருப் நிறுவனத்திடம் இருந்ததால், எழுபதுகளின் கடைசி வரை ஃபோர்டு அங்கே டி-5 என்றுதான் விற்றது. தெரியாதவர்கள் யாரோ பேட்ஜைத் திருடிவிட்டதாக நினைத்து, புது மஸ்டாங் எழுத்து வாங்கித் தருவதாகச் சொல்வார்களாம். அந்த அம்மா ஒவ்வொருவருக்கும் பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தார். அதே வரிசையில் மின்சார மஸ்டாங் மாக்-இ ஒன்றும் நின்றது. நல்ல வண்டி, ஓட்டியிருக்கிறேன். ஆனால் நாலு கதவுக் குடும்ப வண்டிக்கு 1969 மாக் 1-இன் பெயரைத் தந்திருக்க வேண்டாம் என்பதில் நான் பழைய ஆட்கள் பக்கம்.

கடைசியாக 1969 டாட்ஜ் சூப்பர் பீ. பானெட் மட்டும் மங்கலான கறுப்பு, அதன் மேல் காற்றுவாயின் பக்கத்தில் 'சிக்ஸ் பேக்' என்று சிவப்பு எழுத்து. சக்கரத்தில் மூடி கூடக் கிடையாது, வெறும் கறுப்பு இரும்பு. உரிமையாளர் என்னைப் பார்த்து, "அந்தப் பக்கம் பிடி" என்றார். அந்த பானெட்டுக்குக் கீல் இல்லை. நாலு மூலையிலும் பின்னை எடுத்துவிட்டு, இரண்டு பேர் தூக்கிக் கீழே வைக்க வேண்டும். ஃபைபர்கிளாஸ் என்பதால் கனமே இல்லை. உள்ளே 440 கன அங்குல இன்ஜின், அதன் மேல் வரிசையாக மூன்று கார்புரேட்டர், ஒவ்வொன்றிலும் இரண்டு வாய். ஆறு வாய், அதுதான் சிக்ஸ் பேக். இதே இன்ஜினை பிளிமத் ரோட் ரன்னரில் வைத்தபோது '440 6பிபிஎல்' என்று எழுதினார்கள். அண்ணன் தம்பி கம்பெனிகள், ஆனால் பெயரைப் பகிர மாட்டார்கள். நண்பரின் கராஜ் நினைவுக்கு வந்து, வின் எண்ணைக் கேட்டேன். டாஷ்போர்டில் கண்ணாடி வழியாகக் காட்டினார், ஐந்தாவது இடத்தில் 'எம்'. அந்த ஒரு எழுத்து இருந்தால் டாட்ஜ்காரர்கள் அதற்கு மேல் கேட்க மாட்டார்கள்.

புது சார்ஜரைப் பற்றிப் பேச்சு வந்தது. பிராம்ப்டன் தொழிற்சாலையில் பழைய வி8 சார்ஜரும் சேலஞ்சரும் 2023 டிசம்பரோடு முடிந்துவிட்டன. புதிய சார்ஜர் மின்சாரத்திலும் வருகிறது, மூன்று லிட்டர் ஆறு சிலிண்டர் இரட்டை டர்போவிலும் வருகிறது. அந்த ஆறு சிலிண்டருக்கு சிக்ஸ்பேக் என்று பெயர். கார்புரேட்டரே இல்லாத காருக்கு அந்தப் பெயர் என்பதில் அவருக்கு வருத்தம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது, எத்தனை குதிரைத்திறன் என்று. அதிகபட்சம் 550 என்றேன். தன் காருக்குத் தொழிற்சாலை சொன்னது 390 என்றார். "அப்படியானால் வைத்துக்கொள்ளட்டும். டாட்ஜ் டீமன் என்ற கார்ப் பேரையும் இப்படித்தான் திரும்ப எடுத்தார்கள். 1971-ல் அந்தப் பிசாசு ஸ்டிக்கர் மேல் சர்ச்சுக்காரர்கள் புகார் சொல்லி, ரெண்டு வருஷத்தில் டார்ட் ஸ்போர்ட் என்று மாற்றினார்கள். 2018-ல் 840 குதிரைத்திறனோடு டீமன் வந்தபோது யார் புகார் சொன்னார்கள்?"

மின்சார சார்ஜரில் ஆர்/டி என்று போட்டதை மட்டும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அது ரோட், டிராக் இரண்டுக்கும் சேர்த்து வைத்த பெயர், சத்தம் இல்லாமல் டிராக் எது என்றார். நான் மறுத்தேன். டிராக்கில் நேரம்தான் கணக்கு, சத்தத்துக்கு மார்க் கிடையாது. வேகமாக ஓடினால் அந்த எழுத்துக்கு அது தகுதிதான். பானெட்டைத் திரும்பத் தூக்கி வைத்து நாலு பின்னையும் மாட்டும்வரை பேசினோம். இருவரும் அவரவர் கட்சியிலேயே இருந்தோம். அடுத்த வருடம் ஒரு மின்சார சார்ஜரை அதே பார்க்கிங்குக்குக் கொண்டுவா, பக்கத்தில் நிறுத்திப் பார்ப்போம் என்றார். அந்தக் கார் வைத்திருக்கும் ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.