ஜிமேட் மறுதேர்வுக்கு 23 நாள்களே உள்ளன: 585-இலிருந்து 645-ஐ எட்ட வழி உண்டா?

சோழிங்கநல்லூர்வாசி (டிசம்பர் 4)

அனைவருக்கும் வணக்கம். நவம்பர் 29 அன்று சென்னையில், மேலாண்மைப் படிப்புச் சேர்க்கைக்கான ஜிமேட் தேர்வை எழுதினேன். மொத்தம் 585 வந்தது. குவாண்ட் (கணிதம்) 84, வெர்பல் (ஆங்கில வாசிப்பும் தர்க்கமும்) 80, டேட்டா இன்சைட்ஸ் (தரவுப் பகுப்பாய்வு) 73. அதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் எழுதிய மாதிரித் தேர்வுகளில் 635, 645 என்று வந்திருந்ததால், திரையில் 585-ஐப் பார்த்தபோது வேறு யாருடைய மதிப்பெண்ணையோ எனக்குக் காட்டுகிறார்கள் என்றுதான் ஒரு கணம் நினைத்தேன்.

நான் விண்ணப்பிக்கவிருக்கும் சிங்கப்பூர் கல்லூரி ஒன்றின் கடைசி நாள் ஜனவரி 7. இரு முயற்சிகளுக்கிடையே 16 நாள் இடைவெளி வேண்டும் என்ற விதியையும் என் அலுவலகப் பணியையும் பார்த்து, டிசம்பர் 27-க்கு மறுதேர்வு பதிவு செய்துவிட்டேன். இரவில் அமெரிக்கக் குழுவினருடன் தினமும் கூட்டம் இருப்பதால், வார நாள்களில் காலை 5.30 முதல் 8 மணி வரைதான் படிக்க முடிகிறது. 22-ஆம் தேதியிலிருந்து விடுப்பு எடுத்துள்ளேன்.

குவாண்ட் என் பலம் என்பதால், அதை 84-இலிருந்து 88-க்கு உயர்த்தினால் இலக்கை எட்டிவிடலாம் என்று எண்ணுகிறேன். எண்ணியல், வரிசைமாற்றம், நிகழ்தகவு ஆகியவற்றை அடிப்படையிலிருந்து மறுபடியும் படிப்பதாகத் திட்டம். பயிற்சி வகுப்பில் கொடுத்த 1,200 கேள்விகள் இன்னும் தொடப்படாமல் இருக்கின்றன. என் மாமா ஒருவர் 700-க்குக் குறைவாக இருந்தால் விண்ணப்பிக்கவே வேண்டாம் என்கிறார். இந்தத் திட்டம் சரிதானா என்பதை அனுபவம் உள்ளவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

மலைக்கோட்டை (டிசம்பர் 4)

வணக்கம். முதலில் உங்கள் மாமாவின் கணக்கைச் சரிசெய்துவிடுவோம். அவர் சொல்லும் 700, 2024 ஜனவரியுடன் முடிவுக்கு வந்த பழைய தேர்வின் அளவுகோல். அது 200 முதல் 800 வரை சென்றது; இப்போதைய தேர்வு 205 முதல் 805 வரை செல்கிறது, மதிப்பெண் எப்போதும் 5-இல் முடியும். தேர்வை நடத்தும் ஜிமேக் வெளியிட்ட ஒப்பீட்டின்படி, இன்றைய 645 ஏறத்தாழ அன்றைய 700-க்கு நிகர். ஆகவே நீங்களும் மாமாவும் ஒரே எண்ணைத்தான் வேறு வேறு மொழிகளில் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

அடுத்தது உங்கள் திட்டம். மூன்று பிரிவுகளுக்கும் சம எடை என்பதை மறந்து அதை வகுத்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. ஒவ்வொரு பிரிவும் 60 முதல் 90 வரை அளக்கப்படுகிறது. எந்தப் பிரிவில் ஒரு புள்ளி கூடினாலும் மொத்தத்தில் ஏறத்தாழ ஆறரைப் புள்ளிகள் கூடும். இப்போது உங்கள் மூன்று பிரிவுகளின் கூட்டுத்தொகை 237. 645-க்கு 246 வேண்டும், அதாவது ஒன்பது புள்ளிகள். குவாண்ட்டில் நான்கு புள்ளிகள் ஏறினாலும் பாதி வழிதான் வந்திருப்பீர்கள்; அதுவும் ஏற்கெனவே உயரத்தில் இருக்கும் இடத்தில் நான்கு படிகள். 73-இல் இருக்கும் டேட்டா இன்சைட்ஸ் உங்கள் கண்ணில் படாதது ஏன் என்று புரியவில்லை.

மேற்கொண்டு சொல்வதற்கு முன் சில விவரங்கள் தேவை. அந்த 635-உம் 645-உம் எந்த மாதிரித் தேர்வுகளில் வந்தவை, அவற்றை முதல்முறையாக எழுதினீர்களா? பிரிவுகளை எந்த வரிசையில் எழுதினீர்கள், இடைவேளையை எங்கே எடுத்தீர்கள்? டேட்டா இன்சைட்ஸில் கடைசிக் கேள்விகளை நிதானமாக எழுதினீர்களா, ஊகித்தீர்களா? முடிவில் விடைகளைத் திருத்தினீர்களா? உங்கள் மதிப்பெண் அறிக்கையிலேயே எந்த வகைக் கேள்விகளில் எவ்வளவு நேரம் சென்றது என்ற விவரம் இருக்கும். அதையும் பார்த்து எழுதுங்கள்.

சோழிங்கநல்லூர்வாசி (டிசம்பர் 5)

ஐயா, விரிவான பதிலுக்கு நன்றி. கேட்டவற்றுக்கு உண்மையாகவே பதில் எழுதுகிறேன், சற்று வெட்கமாக இருந்தாலும்.

இரண்டு மாதிரித் தேர்வுகளும் இலவசமாகக் கிடைக்கும் அதிகாரப்பூர்வத் தேர்வுகள்தான். ஆனால் அவற்றை ஆகஸ்ட்டில் ஒருமுறை எழுதியிருந்தேன். நவம்பரில் எழுதியது இரண்டாம் முறை. சில கேள்விகள் பழக்கப்பட்டவையாகத் தெரிந்தது உண்மை. வரிசை: குவாண்ட், வெர்பல், கடைசியாக டேட்டா இன்சைட்ஸ். இடைவேளையைக் குவாண்ட்டுக்குப் பிறகே எடுத்துவிட்டேன். டேட்டா இன்சைட்ஸில் ஒரு மல்டி சோர்ஸ் தொகுப்பில் (பல தாவல்களில் உள்ள தகவல்களைச் சேர்த்துப் பார்த்து விடையளிக்கும் கேள்விகள்) மட்டும் ஏறத்தாழ பதினொரு நிமிடங்கள் சென்றன. கடைசி ஐந்து கேள்விகளுக்கு மூன்று நிமிடங்கள்தான் மிஞ்சின. அவற்றை ஊகித்தே முடித்தேன். வெர்பலில் நேரம் மிஞ்சியதால் மூன்று விடைகளை மாற்றினேன். எதனால் மாற்றினேன் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

மலைக்கோட்டை (டிசம்பர் 5)

நீங்கள் எழுதியதிலேயே நோய் தெரிந்துவிட்டது. பாடம் தெரியாததால் நீங்கள் புள்ளிகளை இழக்கவில்லை. விட வேண்டிய கேள்வியை விடாததால் இழந்திருக்கிறீர்கள். 1,200 கேள்விகளைப் போட்டு இதைக் குணப்படுத்த முடியாது.

மாதிரித் தேர்வு மதிப்பெண்களை முதலில் மறந்துவிடுங்கள். முன்பு பார்த்த கேள்வி மறுபடியும் வரும்போது, விடை நினைவில் இல்லாவிட்டாலும் வழி நினைவில் இருக்கும். இரண்டு நிமிடக் கேள்வி நாற்பது நொடியில் முடியும். மிஞ்சிய நேரம் அடுத்த கடினமான கேள்விக்குச் சேரும். அப்படி வந்த 645 நிஜத்தைக் காட்டாது. கட்டணம் செலுத்திப் பெறும் அதிகாரப்பூர்வத் தேர்வுகளில் நீங்கள் இதுவரை தொடாத இரண்டை மட்டும் வாங்குங்கள். ஒன்றை 14-ஆம் தேதியும் மற்றொன்றை 21-ஆம் தேதியும், மையத்தில் உங்களுக்குக் குறித்துள்ள அதே நேரத்தில் எழுதுங்கள். அதற்கு மேல் மாதிரித் தேர்வு வேண்டாம். எடை பார்க்கும் இயந்திரத்தில் தினமும் ஏறி நின்றால் எடை குறையாது.

தவறுக் குறிப்பேடு ஒன்று தொடங்குங்கள். எல்லோரும் சொல்லும் அறிவுரைதான். ஆனால் பெரும்பாலோர் அதில் சரியான விடையை மட்டும் எழுதி வைத்து, அதைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. நீங்கள் ஒவ்வொரு தவறுக்கும் மூன்று செய்திகளை எழுதுங்கள்: எந்த நொடியில் வழி தவறினேன், அந்த நொடியில் எனக்கு எது தெரிந்திருந்தது, மறுமுறை எந்த அடையாளத்தைக் கண்டால் நிறுத்துவேன். சரியாக வந்தும் மூன்று நிமிடங்களுக்கு மேல் எடுத்த கேள்விகளையும் தவறாகவே கணக்கிடுங்கள், ஏனெனில் அந்தச் சரியான விடைக்காக வேறொரு கேள்வியை நீங்கள் விலையாகக் கொடுத்திருப்பீர்கள்.

ஒன்பது புள்ளிகளில் ஆறு டேட்டா இன்சைட்ஸிலிருந்தும், இரண்டு வெர்பலிலிருந்தும், ஒன்று குவாண்ட்டிலிருந்தும் வர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். குவாண்ட்டுக்கு வாரத்தில் இரண்டு காலைகள் போதும். கை மறக்காமல் இருப்பதற்காக மட்டும்.

நொய்யல் (டிசம்பர் 6)

மேலே சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை. டேட்டா இன்சைட்ஸைப் பற்றி மட்டும் கூடுதலாகச் சிலவற்றைச் சொல்கிறேன், ஏனெனில் நானும் அதே பள்ளத்தில் விழுந்து எழுந்தவள்.

45 நிமிடங்களில் 20 கேள்விகள் என்றால் ஒரு கேள்விக்கு இரண்டே கால் நிமிடம். ஆனால் அந்தச் சராசரியைப் பிடித்துக்கொண்டு ஓடக் கூடாது. பல பகுதிகள் கொண்ட கேள்வியில் எல்லாப் பகுதிகளும் சரியாக இருந்தால்தான் மதிப்பெண். மூன்றில் இரண்டு சரியென்றாலும் கிடைப்பது ஒன்றுமில்லை. எனவே, திரையில் மூன்று தாவல்கள் (டேப்) நிறைய வாசகங்களுடன் வரும் மல்டி சோர்ஸ் தொகுப்பைக் கண்டதும், முதல் ஒரு நிமிடத்தில் எந்தத் தாவலில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் பாருங்கள். எல்லாவற்றையும் படித்து முடித்த பிறகே கேள்விக்குப் போக வேண்டும் என்ற பள்ளிக்கூடப் பழக்கத்தை அங்கே விட்டுவிடுங்கள். அந்தத் தொகுப்பின் ஒரு கேள்வி மூன்று நிமிடங்களைத் தாண்டினால், ஊகித்து நகர்ந்துவிடுங்கள்.

நேரத்தை மிச்சப்படுத்த வேண்டிய இடம் டேட்டா சஃபிஷியன்சி, அதாவது கொடுத்த இரு கூற்றுகள் விடை காணப் போதுமா என்று கேட்கும் வகை. பொறியியல் படித்தவர்கள் இதில் கணக்கைப் போட்டு முடிக்கத் துடிப்பார்கள். கேட்கப்படுவதோ கணக்கைப் போட முடியுமா என்பதுதான். ஐந்து விடைத் தெரிவுகளும் எப்போதும் ஒரே வரிசையில் வருவதால் அவற்றை மனப்பாடமாக வைத்திருங்கள். ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன்.

ஒருவர் 9 ரூபாய்ப் பேனாக்களும் 7 ரூபாய்ப் பென்சில்களும் மட்டும் வாங்கினார், பேனாக்கள் எத்தனை? முதல் கூற்று: மொத்தம் 8 பொருள்கள். இரண்டாம் கூற்று: மொத்தச் செலவு 62 ரூபாய்.

அவசரத்தில் பார்ப்பவர், அறியாத எண்கள் இரண்டு, சமன்பாடுகளும் இரண்டு, எனவே இரு கூற்றுகளும் சேர்ந்தால்தான் விடை என்று குறித்துவிடுவார். ஆனால் பேனாவை அரையாக வாங்க முடியாது. 62-இலிருந்து ஒன்பது ஒன்பதாகக் கழித்துப் பாருங்கள்: 53, 44, 35, 26, 17, 8. இவற்றில் ஏழால் வகுபடுவது 35 மட்டுமே, 62-உம் வகுபடாது. ஆகவே பேனா மூன்று, பென்சில் ஐந்து. இரண்டாம் கூற்று தனியாகவே போதும். எண்ணிக்கை முழு எண்ணாகத்தான் இருக்க முடியும் என்பதைக் கேள்வி வாய்விட்டுச் சொல்லாது. உங்கள் குறிப்பேட்டில் எழுத வேண்டிய அடையாளம் இப்படிப்பட்டதுதான்: "ஆள், பொருள், நாள் என்று வந்தால் முழு எண்".

திரையிலுள்ள கணிப்பான் இந்தப் பிரிவில் மட்டும் உண்டு, குவாண்ட்டில் கிடையாது. இருக்கிறதே என்று எல்லாவற்றுக்கும் அதைத் தட்டாதீர்கள். வரைபடக் கேள்விகளில் பெரும்பாலும் தோராயமே போதும், சுட்டியால் எண்களை அழுத்துவதற்குள் மனக்கணக்கு முடிந்துவிடும்.

இரண்டாம் முயற்சி (டிசம்பர் 7)

வரிசையை மாற்றுங்கள் என்பதே என் முதல் ஆலோசனை. பலவீனமான பிரிவைக் களைத்த மூளைக்கு ஒதுக்கியிருக்கிறீர்கள். இடைவேளை இரண்டு பிரிவுகளுக்கு நடுவில் ஒருமுறைதான், பத்து நிமிடம். டேட்டா இன்சைட்ஸை முதலில் எழுதுங்கள்.

முதல் பத்துக் கேள்விகளில்தான் தலையெழுத்து இருக்கிறது, அங்கே எவ்வளவு நேரமானாலும் செலவழியுங்கள் என்று பயிற்சி வகுப்பில் சொல்லியிருப்பார்கள், எனக்கும் சொன்னார்கள்.

மலைக்கோட்டை (டிசம்பர் 7)

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். வரிசையைப் பற்றிய கருத்தை ஓரளவு ஏற்கிறேன்; ஆனால் முதலிலேயே டேட்டா இன்சைட்ஸ் மோசமாகப் போனால், அந்தக் கலக்கம் மற்ற இரண்டையும் கெடுக்கக்கூடும். வெர்பல், டேட்டா இன்சைட்ஸ், இடைவேளை, குவாண்ட் என்ற வரிசையை 14-ஆம் தேதி சோதித்துப் பார்க்கலாம்.

முதல் பத்துக் கேள்விகள் பற்றிய நம்பிக்கையை நீங்களும் ஆதரிக்கிறீர்களா, மறுக்கிறீர்களா என்று தெரியவில்லை. கேள்விகள் நம் விடைகளுக்கேற்பக் கடினமாகவோ எளிதாகவோ மாறுவது உண்மை. ஆனால் விடையளிக்காமல் விடும் கேள்விக்குத் தண்டனை உண்டு, கடைசியில் வரிசையாகத் தவறுவதும் மதிப்பெண்ணை இறக்கும். தொடக்கத்தில் ஈட்டியதைக் கடைசியில் இழப்பதில் இலாபம் இல்லை.

இரண்டாம் முயற்சி (டிசம்பர் 7)

மறுக்கத்தான் வந்தேன், வாக்கியத்தை முடிப்பதற்குள் அனுப்பிவிட்டேன். அதை நம்பி என் முதல் முயற்சியில் ஆறு கேள்விகளைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தேன். நீங்கள் சொன்ன வரிசையும் நல்லதுதான்.

இன்னும் இரண்டு செய்திகள். விடையைத் திருத்தும் வாய்ப்பு ஒரு பிரிவுக்கு மூன்று. அது கடமை அன்று. கேள்வியைத் தவறாகப் படித்திருக்கிறேன் என்று சுட்டிக்காட்ட முடிந்தால் மட்டும் மாற்றுங்கள். மனம் உறுத்துகிறது என்பதற்காக மாற்றாதீர்கள். மற்றொன்று, மையத்தில் தாளும் பேனாவும் தர மாட்டார்கள். பளபளப்பான உறையிட்ட ஏடும் மார்க்கர் பேனாவும்தான். அதில் எழுத்து பெரிதாக வரும், இடம் சீக்கிரம் தீரும். வீட்டிலும் அதுபோன்ற ஒன்றிலேயே பயிற்சி செய்யுங்கள்.

சோழிங்கநல்லூர்வாசி (டிசம்பர் 14)

இன்று புதிய மாதிரித் தேர்வை எழுதினேன்: 605. டேட்டா இன்சைட்ஸ் 76, வெர்பல் 81, குவாண்ட் 83. பத்து நாள் உழைப்புக்கு இருபது புள்ளிகள்தானா என்று சோர்வாக இருக்கிறது. குவாண்ட் குறைந்தது வேறு பயமாக உள்ளது. தேதியைத் தள்ளிப்போடலாமா?

மலைக்கோட்டை (டிசம்பர் 14)

உங்கள் பழைய 645-உடன் ஒப்பிடுவதால்தான் சோர்வு. நிஜமான தொடக்கம் 585. கையில் இருக்கும் நேர்மையான முதல் அளவீடு இது. குவாண்ட்டில் ஒரு புள்ளி இறங்குவது இயல்பான அலைவுதான். தள்ளிப்போட வேண்டாம், தேர்வு முடிந்ததும் திரையில் காணும் மதிப்பெண் தற்காலிகமானது, அதிகாரப்பூர்வ அறிக்கை வரச் சில நாள்கள் ஆகலாம், நடுவில் புத்தாண்டு விடுமுறையும் வருகிறது. அறிக்கை வருவதற்கு முன் தற்காலிக மதிப்பெண்ணைக் குறிப்பிட்டு விண்ணப்பிக்கலாமா என்று கல்லூரிச் சேர்க்கை அலுவலகத்துக்கு இன்றே மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டுவிடுங்கள். விண்ணப்பக் கட்டுரைகள் எந்த நிலையில் உள்ளன என்று நீங்கள் சொல்லவே இல்லை; அதற்கும் இரண்டு காலைகளை ஒதுக்குங்கள்.

நொய்யல் (டிசம்பர் 14)

மூன்று நிமிடத்தைத் தாண்டிய கேள்விகள் எத்தனை?

சோழிங்கநல்லூர்வாசி (டிசம்பர் 15)

டேட்டா இன்சைட்ஸில் நான்கு. நவம்பர் தேர்வின் அறிக்கையை எடுத்துப் பார்த்தேன், அதில் ஒன்பது. மின்னஞ்சலும் அனுப்பிவிட்டேன்.

நொய்யல் (டிசம்பர் 15)

அந்த நான்கை இரண்டாக்குங்கள். வேறெதையும் மாற்ற வேண்டாம்.

சோழிங்கநல்லூர்வாசி (டிசம்பர் 27)

இன்று பிற்பகல் எழுதி முடித்தேன். மொத்தம் 635; குவாண்ட் 84, வெர்பல் 82, டேட்டா இன்சைட்ஸ் 78. இலக்குக்குப் பத்து குறைவு. டேட்டா இன்சைட்ஸில் எட்டாவது கேள்வியாக மூன்று தாவல் தொகுப்பு வந்தது. அதன் இரண்டாம் கேள்வியை மூன்று நிமிடத்தில் ஊகித்து விட்டுவிட்டேன், கை நடுங்கியது. கடைசிக் கேள்வியை முடித்தபோது ஒரு நிமிடம் நாற்பது நொடி மிஞ்சியிருந்தது. ஒரே ஒரு விடையைத்தான் திருத்தினேன். "குறைந்தபட்சம்" என்பதை "அதிகபட்சம்" என்று படித்திருந்தேன்.

தற்காலிக மதிப்பெண்ணைக் குறிப்பிடலாம் என்று கல்லூரி பதில் அனுப்பியிருந்தது. 635-உடன் விண்ணப்பிக்கிறேன். பன்னிரண்டு மாதங்களில் ஐந்து முயற்சிகள் வரை அனுமதி உண்டு என்றாலும், இந்தச் சுற்றுக்குள் இன்னொன்றுக்கு நாள் இல்லை. இனி ஜனவரி 7 வரை கட்டுரைகள்தான். இரண்டாவது கட்டுரை இன்னும் பாதியில் நிற்கிறது.

மலைக்கோட்டை (டிசம்பர் 27)

வாழ்த்துகள். கட்டுரையை முடித்ததும் இங்கே சொல்லுங்கள், படித்துப் பார்க்கிறேன். மாமாவிடம் 635 என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒப்பீட்டு அட்டவணையையும் சேர்த்தே காட்டுங்கள்.