மறு: "விண்டேஜ்" தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு,
பிரான்சின் போர்தோ வட்டாரச் சிவப்பு ஒயின் பற்றிய ஓர் ஆவணப்படத்துக்குத் தமிழில் துணையுரை எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். "1982 அருமையான விண்டேஜ்" என்று அடிக்கடி சொல்கிறார்கள். "பழைய ஒயின்" என்று போட்டேன். அடுத்த காட்சியிலேயே, 1983 வசந்தத்தில், அதே ஒயினைப் பீப்பாயிலிருந்து எடுத்துச் சுவைக்கிறார்கள். ஆறேழு மாதமே ஆன ஒயின் எப்படிப் பழையதாகும்? திரையில் இரண்டு வரிக்குமேல் இடமில்லை.

புலவர் ஐயா எழுதியது:

சொல் நம்மிடம் எப்போதோ இருக்கிறது. புறநானூறு 392இல் ஔவையார் "தேட்கடுப்பன்ன நாட்படு தேறல்" என்கிறார். தேள் கொட்டினாற்போல் ஏறும், நாள்பட்ட கள். அதே நூலின் 56ஆம் பாட்டில் "யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்" வருகிறது. அது கப்பலில் வந்த மேலைநாட்டு மது. ஆகவே ஒயின் = தேறல், விண்டேஜ் = நாட்படு. தேறல் என்பது தேறியது, அதாவது தெளிந்தது. அவர்களும் மண்டியை அடியில் தங்கவிட்டுத் தெளிவைத்தானே வேறு பீப்பாய்க்கு மாற்றுகிறார்கள்?

பாரிஸ் உறுப்பினர் எழுதியது:

ஐயா, தேறல் அழகு. ஆனால் நாட்படு என்பது வயதைச் சொல்கிறது. இங்கே மேசையில் கேட்பது பழம் பறித்த ஆண்டை. பிரெஞ்சில் "மில்லெசீம்" என்பார்கள். ஒரே தோட்டம், ஒரே கொடி, ஆனால் ஆண்டுக்கு ஆண்டு ஒயின் வேறு. 1961இல் பூக்கும் நேரத்தில் குளிர் அடித்துக் காய்ப்பு சுருங்கியது. மிஞ்சிய கொஞ்சப் பழத்தில் சாறு செறிந்து, துவர்ப்பு அடங்கவே பல ஆண்டுகள் பிடித்தன. 1982இல் வெயில் நன்றாகக் காய்ந்தது, மெர்லோ வகைத் திராட்சை நன்றாகப் பழுத்தது, காய்ப்பும் ஏராளம். துவர்ப்பு மென்மையாக இருந்ததால் இது நெடுநாள் நிற்காது என்றார்கள் சில விமர்சகர்கள். மகத்தான ஆண்டு என்று அடித்துச் சொன்ன அமெரிக்கர் ராபர்ட் பார்க்கருக்கு அதிலிருந்துதான் பெயர். நமக்கு வேண்டிய சொல்லில் அந்த ஆண்டின் வானிலையும் இருக்கவேண்டும்.

கம்பம் உறுப்பினர் எழுதியது:

அப்படியானால் "போகம்" என்று வைக்கலாமே? எங்கள் பக்கம் பன்னீர் திராட்சையைக் கவாத்து செய்யும் நாளைக் கணக்கிட்டு ஒரே ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பறிக்கிறோம். போர்தோவில் செப்டம்பர், அக்டோபரில் ஒரே தடவைதான். "1982 போகம்" என்றால் விவசாயிக்குச் சட்டென்று புரியும்.

தனித்தமிழ் அன்பர் எழுதியது:

போகம் வடசொல். குடிப்பதைப் பற்றிய படத்தில் அந்தச் சொல் வேறு மாதிரியும் ஒலிக்கும். "விளைவாண்டு" என்க. கையோடு, ஒயினுக்குத் துவர்ப்பைத் தரும் டேனினுக்கும் "துவர்மம்" என்று வைத்துவிடலாம்.

பாரிஸ் உறுப்பினர் எழுதியது:

துவர்மம் தோல் வியாதியின் பெயர் மாதிரி இருக்கிறது, மன்னிக்கவும். துவர்ப்பு போதாதா? டேனின் எச்சிலில் உள்ள புரதத்தோடு சேர்ந்து வாயை உலர்த்துகிறது. நாவற்பழம் தின்றால் நாக்கைப் பிடிப்பதுபோல. சுவைப்பவர்கள் அது ஈறில் சொரசொரக்கிறதா, வழுவழுவென்று இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். முரட்டுத் துவர்ப்பு, கனிந்த துவர்ப்பு என்று எழுதினால் யாருக்கும் விளங்கும். கசப்பு என்று மட்டும் போட்டுவிடாதீர்கள், அது வேறு.

புலவர் ஐயா எழுதியது:

துவர்ப்பு சரி. விண்டேஜுக்கு வருவோம். அதன் இலத்தீன் வேர் "விந்தேமியா". திராட்சையைக் கொடியிலிருந்து நீக்குவது என்று பொருள். நீக்குவது என்றால் நமக்குக் கொய்தல். கொய் + ஆண்டு = கொய்யாண்டு.

கம்பம் உறுப்பினர் எழுதியது:

கொய்யாப் பழத்தின் ஆண்டா ஐயா?

தனித்தமிழ் அன்பர் எழுதியது:

அதைவிட மோசம். கொய்யா என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். எதையும் கொய்யாத ஆண்டு என்றாகிவிடும்!

புலவர் ஐயா எழுதியது:

ஆகாது. கொய்யா + ஆண்டு என்றால் உடம்படுமெய் பெற்றுக் கொய்யாவாண்டு என்றுதான் வரும். தனிக்குறில் முன் ஒற்று உயிர் வந்தால் இரட்டும் என்பதைப் பள்ளியிலேயே சொல்லிக்கொடுப்பார்கள். பழத்தைக் கொய்யா என்பதன் வரலாறு தனிக்கதை, நாளை எழுதுகிறேன்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

நாளை வெள்ளி. அப்புறம் எனக்கு நேரமில்லை. நால்வர் தனிமடலில் "விளைச்சல்" போதும் என்கிறார்கள். "1982 அருமையான விளைச்சல்." அனுப்பிவிடவா?

பாரிஸ் உறுப்பினர் எழுதியது:

1982க்குப் பொருந்தும், அன்று பழமும் நிறைய. "1961 மகத்தான விளைச்சல்" என்று போட்டால் மூட்டை மூட்டையாகக் குவிந்தது என்றுதான் படிப்பார்கள். உண்மையில் அந்த ஆண்டு காய்த்ததே குறைவு. எனக்கு உடன்பாடில்லை.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

1961 வரும் இடத்தில் மட்டும் "அந்த ஆண்டு ஒயின்" என்று மாற்றினேன். மற்ற இடங்களில் விளைச்சல். கோப்பு போய்விட்டது. எல்லோருக்கும் நன்றி.

புலவர் ஐயா எழுதியது:

கொய்யாண்டை நான் திரும்பப் பெறவில்லை.

தனித்தமிழ் அன்பர் எழுதியது:

துணையுரையில் "பீப்பாய்" அப்படியே போயிருக்கிறதா? அது போர்த்துக்கீசியச் சொல் ஐயா. தனி இழை தொடங்குகிறேன்.