கிராஸ்பியைப் போகச் சொல்லலாமா? ஒரு பென்குயின்ஸ் ரசிகனின் கேள்வி

கேள்வி (பிட்ஸ்பர்க்கிலிருந்து, 2025 மே)

மூன்றாவது வருடமாக ஏப்ரல் நடுவிலேயே எங்கள் வீட்டில் ஹாக்கி முடிந்துவிட்டது. பிட்ஸ்பர்க் பென்குயின்ஸுக்கு இந்த சீசனில் 34 வெற்றி, 80 புள்ளி, பிளேஆஃப் (கப்புக்கான கடைசிச் சுற்றுகள்) இல்லை. அடுத்த சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்கலாமா வேண்டாமா என்று நானும் என்னோடு டிக்கெட்டைப் பங்கு போட்டுக்கொள்ளும் நண்பரும் பேச உட்கார்ந்தால், பேச்சு ஒரே இடத்தில்தான் போய் முட்டுகிறது. சிட்னி கிராஸ்பி இனியும் இங்கேயே இருக்க வேண்டுமா?

ஐஸ் ஹாக்கி அதிகம் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. கிராஸ்பி 2005 டிராஃப்டில் (அணிகள் முறைவைத்து இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பது) முதல் ஆளாக வந்தவர். அவரோடு ஆடும் மால்கின் அதற்கு முந்தைய வருடம், டிஃபென்ஸ் ஆட்டக்காரர் லெடாங் கிராஸ்பியோடு அதே வருடம். 2009, 2016, 2017 என்று மூன்று ஸ்டான்லி கப், அதாவது என்ஹெச்எல் லீக்கின் சாம்பியன் பட்டம். 2007இலிருந்து 2022 வரை தொடர்ந்து 16 முறை பிளேஆஃப். நான் மாணவனாக இந்த ஊருக்கு வந்தபோது, மிச்சம் இருக்கும் சீட்டை மாணவர்களுக்குக் குறைந்த விலையில் கொடுப்பார்கள். அப்படிப் போய்த்தான் பழகியது. என் மகள் முதன்முதலில் ஸ்கேட் மாட்டியது கிராஸ்பி பெயரில் நடக்கும் குழந்தைகள் திட்டத்தில். ஹெல்மெட் முதல் ஸ்கேட் வரை இலவசமாகக் கொடுத்து விளையாடச் சொல்லித்தருவார்கள். அந்த மனுஷன் இந்த ஊருக்குச் செய்திருப்பது கோல் கணக்கில் அடங்காது.

2023 ஏப்ரல் 11ஐ இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. மீதி இருந்தது இரண்டு ஆட்டம், சிகாகோவும் கொலம்பஸும். இரண்டுமே பட்டியலின் அடியில் கிடந்த அணிகள். இரண்டிலும் ஜெயித்தால் உள்ளே. சொந்த மைதானத்தில் சிகாகோவிடம் 5-2 என்று தோற்றோம். ஒரே ஒரு புள்ளியில் வாய்ப்பு போனது. நமக்குப் பதிலாக உள்ளே போன ஃப்ளோரிடா இறுதிச்சுற்று வரை போய்விட்டது. அடுத்த வருடம் மூன்று புள்ளியில் போனது. இந்த வருடம் பக்கத்திலேயே போகவில்லை.

என் கோபம் வயதான ஆட்டக்காரர்கள் மேல் இல்லை, இதை அழுத்திச் சொல்கிறேன். கிராஸ்பி இந்த சீசனில் 91 புள்ளி எடுத்தார் (போட்ட கோலும், கோலுக்கு உதவிய அசிஸ்ட்டும் சேர்த்து). ஆட்டத்துக்கு ஒரு புள்ளிக்குக் குறையாமல் இருபதாவது சீசன், ஜாம்பவான் கிரெட்ஸ்கிகூட 19தான். அவர் பக்கத்தில் ஆடிய ரேக்கல் 35 கோல், ரஸ்ட் 31 கோல், இருவருக்கும் அதுவே வாழ்நாளில் அதிகம். கோல் போட ஆள் இருக்கிறது. கோலைத் தடுக்கத்தான் ஆள் இல்லை.

மேல் அடுக்கில் உட்கார்ந்தால் இது அப்படியே தெரியும். டிஃபென்ஸ் ஆட்டக்காரர் கார்ல்சன் பக்கை (ஆடும் ரப்பர் வட்டு) எடுத்துக்கொண்டு ஏறுவார், எதிரணியின் நீலக்கோட்டில் பறிகொடுப்பார். அந்த நொடியே மூன்று பேர் நம் பக்கம் திரும்பிவிடுவார்கள், பின்னால் நிற்பது ஒருவர். லெடாங் திரும்பி ஓடி வருவார். முன்பு அந்த ஓட்டத்தில் ஆளைப் பிடித்துவிடுவார், இப்போது இரண்டடி பின்னால் இருக்கிறார். கோலியும் (கோல்கீப்பர்) அன்றைக்குச் சரியில்லை என்றால் ஆட்டம் முடிந்தது. ஐந்து வருட ஒப்பந்தம் போட்டுக் கொடுத்த கோலி ஜாரியை ஜனவரியில் வேய்வர்ஸில் (வேண்டிய அணி எடுத்துக்கொள்ளலாம் என்று விடும் பட்டியல்) போட்டார்கள், வேறு எந்த அணியும் எடுத்துக்கொள்ளவில்லை.

நவம்பரில் கிராஸ்பி 600வது கோல் போட்ட ஆட்டத்துக்குப் போயிருந்தோம். அரங்கமே எழுந்து நின்றது. ஆனால் அந்த ஆட்டத்தில் யூட்டாவிடம் 6-1 என்று தோற்றோம். அப்படி ஒரு மைல்கல்லுக்கு அப்படி ஒரு இரவா? வீட்டுக்கு வரும் வழியில் மகள் பேசவே இல்லை.

ஆகஸ்டில் அவருக்கு 38. ஒப்பந்தம் இன்னும் இரண்டு வருடம், வருடத்துக்கு 8.7 மில்லியன் டாலர். சந்தையில் கேட்டிருந்தால் இதைவிட எவ்வளவோ அதிகம் கிடைத்திருக்கும். அணிக்குப் பணம் மிஞ்சட்டும் என்று குறைத்துக்கொண்டார். அவர் சம்மதம் இல்லாமல் எங்கும் அனுப்பவும் முடியாது. அவராகக் கேட்டுப் போய் இன்னொரு கப் ஜெயிக்கட்டும் என்று நினைப்பது துரோகமா? மற்ற ஊர்க்காரர்கள் இதை எப்படிக் கடந்தீர்கள்?

பதில் (ஸ்கார்பரோ)

அண்ணா, 1967க்குப் பிறகு கப்பைக் காணாத டொராண்டோவில் இருந்து எழுதுகிறேன். அதனால் உங்களின் மூன்று வருடத்துக்கு அழ எனக்குக் கண்ணீர் இல்லை. ஆனால் இப்போது உங்கள் அணியை நடத்தும் கைல் துபாஸ் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. 2018 முதல் 2023 வரை இங்கே அவர்தான் ஜிஎம் (ஆட்டக்காரர்களை வாங்குவதும் விற்பதும் அவர் கையில்).

வந்த வருடமே டவாரஸுக்கு ஏழு வருடத்துக்கு 77 மில்லியன் கொடுத்தார். பிறகு மத்தியூஸ், மார்னர், நைலாண்டர், எல்லாரும் கோல் போடும் ஆட்கள். சம்பள வரம்பில் பாதியளவு நாலு பேருக்கே போனது, டிஃபென்ஸுக்கும் கோலிக்கும் மிச்சக் காசுதான். ஐந்து வருடத்தில் ஒரே ஒரு சுற்று வென்றோம். உங்களிடம் வந்ததும் முதல் கோடையிலேயே 10 மில்லியனுக்குக் கார்ல்சன், ஜாரிக்கு ஐந்து வருடம், டிஃபென்ஸ் ஆட்டக்காரர் கிரேவ்ஸுக்கு ஆறு வருடம். பெரிய பெயரை வாங்கினால் பவர் பிளே (எதிரணி தவறு செய்து ஓர் ஆள் குறைவாக ஆடும் நேரம்) தானாகச் சரியாகும் என்று நினைத்திருப்பார். கிராஸ்பி, மால்கின், கார்ல்சன் எல்லாரும் நின்றும் அந்த வருடம் உங்கள் பவர் பிளே 32 அணியில் 30வது. அது வயதால் வந்த வினை இல்லை, ஐந்து பேரும் அடுத்தவர் அடிப்பார் என்று பக்கைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். டிவியில் உங்கள் சனம் ‘ஷூட்’ என்று கத்துவது இங்கே வரை கேட்டது.

என் கருத்து: கிராஸ்பி போகக் கூடாது. போக வேண்டியது அந்த ஒப்பந்தங்கள்.

பதில் (மிச்சிகன்)

நான் டெட்ராய்ட் ரெட் விங்ஸ் ரசிகன். ‘எல்லாரையும் விற்றுவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம்’ என்று யாராவது உங்களிடம் சொன்னால் எங்கள் கதையைச் சொல்லுங்கள்.

நாங்கள் தொடர்ந்து 25 வருடம் பிளேஆஃப் போனவர்கள். 2016இல் அது முடிந்தது, 2025 வரை திரும்பப் போகவில்லை. 2019-20இல் 17 வெற்றி மட்டும் எடுத்து லீக்கிலேயே கடைசி. அவ்வளவு கேவலப்பட்ட பிறகாவது டிராஃப்டில் முதல் இடம் கிடைக்கும் என்று இருந்தோம், டிராஃப்ட் வரிசையை முடிவுசெய்யும் லாட்டரியில் நான்காவது இடத்துக்குத் தள்ளினார்கள். அதில் எடுத்த ரேமண்ட் நல்ல பையன்தான், குறையில்லை. ஆனால் தோற்றுத் தோற்றே ஒரு கிராஸ்பியை வாங்கிவிடலாம் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. உங்களுக்கே இந்த மாதம் அதுதானே நடந்தது? டிராஃப்ட் வரிசையில் உங்களுக்குப் பின்னால் நின்ற நியூயார்க் ஐலண்டர்ஸ் அணி முதல் இடத்துக்குத் தாவியது, நீங்கள் 11க்கு இறங்கினீர்கள்.

உங்கள் பிரச்சினை இன்று தொடங்கியதும் இல்லை. 2015 முதல் 2021 வரை ஏழு டிராஃப்டில் முதல் சுற்றில் நீங்கள் எடுத்தது ஒரே ஒருவரை, 2019இல் பூலின். மற்ற முதல் சுற்று இடங்களையெல்லாம் கப்புக்காக ஆட்டக்காரர்களை வாங்கக் கொடுத்தீர்கள். கெஸலுக்காகக் கொடுத்ததில் தப்பே இல்லை, இரண்டு கப் வந்தது. ஆனால் 2015இல் பெரானுக்காகக் கொடுத்த இடம் கைமாறிப் போய், ஐலண்டர்ஸ் அதில் மேத்யூ பார்ஸல் என்ற ஆட்டக்காரரை எடுத்தது. இன்று 25 முதல் 28 வயதில் உங்கள் அணியைத் தோளில் சுமக்க வேண்டியவர்கள் அந்த வருடங்களில் வந்திருக்க வேண்டும். அந்த வயதில் உங்களிடம் யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்.

பதில் (வர்ஜீனியா)

எதிரி அணி ரசிகன்தான், வாஷிங்டன் கேபிடல்ஸ். ஆனாலும் சொல்கிறேன், கிராஸ்பி இல்லாத பிட்ஸ்பர்க்கோடு ஆடுவதில் எங்களுக்கும் சுவாரஸ்யம் இல்லை.

போன வருடம் எங்களுக்கு 91 புள்ளி. உங்களை மூன்று புள்ளியில் முந்தித் தட்டுத்தடுமாறி உள்ளே போய், நியூயார்க் ரேஞ்சர்ஸிடம் நாலுக்கு நாலு தோற்றோம். எங்கள் நட்சத்திரம் ஓவெச்கின் முடிந்தார் என்று எல்லாரும் எழுதினார்கள். இந்த வருடம் 111 புள்ளி, லீக்கின் கிழக்குப் பிரிவில் முதலிடம். 39 வயதில் கால் எலும்பு முறிந்து உட்கார்ந்துவிட்டு வந்து 44 கோல், ஏப்ரல் 6இல் 895வது கோல் போட்டு கிரெட்ஸ்கியையும் தாண்டினார்.

நடுவில் இருந்தது ஒரே ஒரு கோடைக்காலம். டுபுவா, சிக்ரன், கோலி தாம்சன் மூவரையும் ட்ரேடில் கொண்டுவந்தார்கள், ராயை ஒப்பந்தம் செய்தார்கள். யாரும் சூப்பர் ஸ்டார் இல்லை, எல்லாரும் இருபதுகளில். கூடவே நாங்களே வளர்த்த புரோட்டாஸ் 30 கோல், மெக்மைக்கல் 26. கிழவரை வெளியேற்றாமல் அவரைச் சுற்றி ஓடுகிற கால்களை வைத்தார்கள், அவ்வளவுதான். உங்கள் ஆட்கள் அதைச் செய்யட்டும்.

கேட்டவர்

எல்லாருக்கும் நன்றி. வர்ஜீனியா நண்பர் சொன்னதைப் படித்ததும் பொறாமையாக இருந்தது, மறைக்கவில்லை. எங்களிடம் இருந்த லார்ஸ் எல்லர் என்ற ஆட்டக்காரரையும் நவம்பரில் உங்களிடம்தான் கொடுத்தோம்.

மிச்சிகன் நண்பருக்கு: 25 முதல் 28 வயதில் நம்பிச் சொல்ல எங்களிடம் ஆள் இல்லை. 2013 டிராஃப்டில் மூன்றாம் சுற்றில் வந்த கென்ட்ஸல் இருந்தார், அவரையும் 29 வயதில் கரோலினாவுக்கு அனுப்பிவிட்டோம். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. ஆனால் அந்த ட்ரேடில் வந்த இளைஞன் கொய்வுனனை சீசன் கடைசியில் இறக்கினார்கள், எட்டு ஆட்டத்தில் ஏழு அசிஸ்ட். பக்கை வாங்குவதற்கு முன்பே யாருக்குக் கொடுப்பது என்று தெரிந்துவைத்திருக்கிறான். கிராஸ்பி தன் பக்கம் பார்க்காமலே அவனிடம் தள்ளியதைப் பார்த்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். யேகர் என்ற இளம் ஆட்டக்காரரைக் கொடுத்து வாங்கிய மெக்ரோர்ட்டியும் இருக்கிறான். இரண்டு பேருக்கும் முழு சீசன் கொடுக்க வேண்டும், ஆடக் குறைந்த நேரமே கிடைக்கும் மூன்றாம் வரிசையில் போட்டு வீணாக்கக் கூடாது.

ஸ்கார்பரோ தம்பி சொன்ன ஒப்பந்தங்கள் விஷயத்தில் முழுக்க உடன்படுகிறேன். பயிற்சியாளர் சலிவனும் நியூயார்க் ரேஞ்சர்ஸுக்குப் போய்விட்டார், புதுப் பயிற்சியாளர் யாரென்று இதை எழுதும்வரை அறிவிக்கவில்லை. யார் வந்தாலும் கார்ல்சனையும் லெடாங்கையும் ஒரே நேரத்தில் மேலே ஏறவிடாமல் இருந்தாலே பத்து ஆட்டம் மிஞ்சும் என்பது என் கணக்கு.

கிராஸ்பி விஷயத்தில் நண்பர் இன்னும் ‘போகட்டும், ஜெயிக்கட்டும்’ என்கிறார். மகளிடம் கேட்டேன். அவர் போக விரும்பினால் அவரே சொல்வார், நாம் ஏன் முந்திக்கொண்டு சொல்ல வேண்டும் என்றாள். டிக்கெட்டைப் புதுப்பித்துவிட்டோம், அதே மேல் அடுக்கு, பாதி சீசன். வாஷிங்டன் வரும் நாளை நண்பரிடம் கேட்டு நான் எடுத்துக்கொண்டேன்.